லாங்கரின் வலது மணிக்கட்டு

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆறடி தூரத்திலிருந்து, அதாவது 1.83 மீட்டரிலிருந்து, மேடுபள்ளமில்லாத புல்லில் பந்தை உருட்டுவதாக வைத்துக்கொள்வோம். பந்து வேகம் அடங்கிக் குழியை எட்டினால், நடுவிலிருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 54 மில்லிமீட்டர் வரை விலகியிருந்தாலும் உள்ளே விழும். கோணத்தில் சொன்னால் இரு பக்கமும் 1.7 டிகிரி. சற்று வேகமாகப் போனால் விளிம்பில் பட்டுச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும், அந்த இடைவெளியும் சுருங்கும். மூன்றடியிலிருந்து என்றால் 3.4 டிகிரி கிடைக்கிறது. தாராளம்தான். ஆனால் மட்டை பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் வலது மணிக்கட்டு யாரையும் கேட்காமல் ஒரு வெட்டு வெட்டினால், மட்டையின் முகம் அதைவிட அதிகமாகத் திரும்பிவிடும். மூன்றடியில் நின்ற பந்து குழியைத் தாண்டி ஆறடி போய் நிற்கும். சில சமயம் மட்டை ஒரே வீச்சில் பந்தை இரண்டு முறை தொட்டுவிடும்.

இந்த வெட்டுக்கு கோல்ஃபில் யிப்ஸ் என்று பெயர். வந்தவர்களில் பெரும்பாலோர் அத்தோடு முடிந்தார்கள். ஜெர்மானிய ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு நான்கு முறை வந்தது. அவர் மேஜர் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸை இரண்டு முறை வென்றார், ஐரோப்பியச் சுற்று என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் 42 பட்டங்கள் எடுத்தார், 67 வயதில்கூட ஒரு தொழில்முறைப் போட்டியை வென்றார். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘மன உறுதி’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல் இங்கே எதையும் விளக்கவில்லை என்பது என் கருத்து. லாங்கர் தன் நோயை வென்றதே இல்லை. ஒவ்வொரு முறையும் நோய் குடியிருந்த மணிக்கட்டை வேலையிலிருந்து விலக்கி வைத்தார். மேஸ்திரி விரிசல் விட்ட சுவரோடு சண்டை போடுவதில்லை, பாரத்தை வேறு தூணுக்கு மாற்றுகிறார் அல்லவா, அந்த வகை வேலை இது.

மேஸ்திரி என்பது சும்மா சொன்ன உவமையும் அல்ல. அவருடைய அப்பா எர்வின் கொத்தனார். போர் முடிந்த காலத்தில் சைபீரியாவுக்குப் போய்க்கொண்டிருந்த கைதிகள் ரயிலிலிருந்து குதித்துத் தப்பி, பவேரியாவில் ஆக்ஸ்பர்க் நகருக்குப் பக்கத்தில் அன்ஹவுசன் என்ற கிராமத்தில் குடியேறியவர். லாங்கர் பிறந்தது அங்கேதான், 1957 ஆகஸ்ட் 27. எட்டொன்பது வயதில் ஆக்ஸ்பர்க் கோல்ஃப் கிளப்பில் கேடி வேலைக்குப் போனார், அதாவது வசதிக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலை. அங்கே சுமக்கும் பையன்களுக்கு விளையாடக் கிடைத்தவை நாலே நாலு பழைய மட்டைகள்: ஒரு 2-வுட் (மரத்தலை மட்டை), ஒரு 3-அயர்ன், ஒரு 7-அயர்ன் (இரும்புத்தலை மட்டைகள்), தண்டு வளைந்துபோன ஒரு பட்டர். (கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பந்தை உருட்டும் மட்டைக்குப் பட்டர் என்று பெயர். தமிழில் எழுதினால் வெண்ணெய் நினைவுக்கு வருகிறது. இனி உருட்டுமட்டை என்றே எழுதுகிறேன்.)

பள்ளி முடித்து கோல்ஃப்தான் தொழில் என்று அவர் முடிவெடுத்தபோது, ஜெர்மானிய வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தொழில் பட்டியலில் அப்படியொரு வேலையே இல்லை. 1972இல், பதினைந்து வயதில், மியூனிக் கிளப்பில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கடையைத் திறப்பது, உறுப்பினர்களுக்கு மட்டை பழுது பார்ப்பது, மிச்ச நேரத்தில் பந்தடிப்பது. எழுபதுகளின் நடுவில் வில்லி ஹோஃப்மன் என்ற பயிற்சியாளரிடம் போனார். வாழ்நாள் முழுக்க ஆசான் மாறவில்லை. வீச்சைப் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டும் பழக்கம் கோல்ஃப்காரர்களில் பலருக்கு உண்டு, லாங்கருக்குக் கிடையாது. அயர்ன் ஷாட்களில் அவரை மிஞ்ச ஐரோப்பாவில் ஆள் குறைவு. கிரீனுக்கு எத்தனை கஜம் என்று பாதி கஜம் வரை கேட்பார். தூரம் எழுதிய நீர்த்தெளிப்பான் மூடியைக் காட்டி, ‘மூடியின் முன்விளிம்பிலிருந்தா, பின்விளிம்பிலிருந்தா?’ என்று கேடியிடம் கேட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, ஆளைச் சரியாகப் படம்பிடித்த கதை. பழுது எல்லாம் கிரீனில்தான்.

முதல் தாக்குதல் 1976இல், ஐரோப்பியச் சுற்றில் கால்வைத்த புதிதில். காரணத்தை அவரே சொல்லியிருக்கிறார்: ஜெர்மனியில் கிரீன்கள் மெதுவானவை, போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் வேகமானவை, சரிவும் அதிகம். மெதுவான கிரீனில் பந்தை ஒரு தட்டுத் தட்டி அனுப்பலாம், மணிக்கட்டு வேலை செய்தால் நல்லதுதான். வேகமான கிரீனில் அதே தட்டு பந்தைக் குழி தாண்டி ஓட வைக்கும். அப்போது கை என்ன செய்யும்? பாதி வழியில் பிரேக் போடும். மூளை ‘அடி’ என்கிறது, பயம் ‘அடிக்காதே’ என்கிறது. மணிக்கட்டை மடக்கும் தசையும் நிமிர்த்தும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. எது ஒரு கணம் முந்துகிறதோ அந்தப் பக்கம் மட்டை துள்ளுகிறது.

ஆய்வாளர்கள் யிப்ஸை இரண்டு வகையாகப் பார்க்கிறார்கள். ஒன்று பதற்றத்தால் வருவது. போட்டியில் வரும், பயிற்சியில் வராது. மற்றொன்று நரம்பு சார்ந்தது. ஒரே நுட்பமான அசைவைப் பல்லாயிரம் முறை செய்தவர்களுக்கு, அந்தக் குறிப்பிட்ட வேலையைச் செய்யும்போது மட்டும் தசை கட்டுப்பாடு மீறும். பல மணி நேரம் எழுதுகிறவர்களுக்கு விரல் இழுத்துக்கொள்வது, பியானோ வாசிப்பவர்களுக்கு ஒரு விரல் உள்ளே மடங்குவது இதன் உறவுக்காரர்கள். இவர்கள் அதே கையால் சட்டைப் பொத்தான் போடலாம், காபி ஆற்றலாம், ஒன்றும் ஆகாது. அதனால்தான் ‘தைரியமாக அடி’ என்ற அறிவுரை இதில் எடுபடாது. அசைவின் அமைப்பை மாற்றினால் மூளை அதைப் புது வேலையாக எடுத்துக்கொள்கிறது, பழைய இழுப்பு கொஞ்ச காலம் விடுப்பில் போகிறது. கொஞ்ச காலம்தான். புது அசைவும் பழகிப் பழசானால் திரும்பி வரக்கூடும். லாங்கரின் தொழில் வாழ்க்கையில் ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை புயல் அடித்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் தடவை கனமான மருந்து எதுவும் இல்லை. பயிற்சி, மறுபடி பயிற்சி. இடையில் ராணுவச் சேவையில் முதுகைக் கெடுத்துக்கொண்டார். அந்த முதுகு பின்னால் ஒரு பாத்திரம் வகிக்கும். 1979இல் 25 வயதுக்கு உட்பட்டோருக்கான கஷாரெல் உலகப் போட்டியைப் பதினேழு ஷாட் வித்தியாசத்தில் வென்றார். 1980இல் டன்லப் மாஸ்டர்ஸ், ஐரோப்பியச் சுற்றில் முதல் பட்டம். 1981இல் ஜெர்மன் ஓப்பனை வென்ற முதல் ஜெர்மானியர் ஆனார், அந்த ஆண்டு ஐரோப்பியப் பரிசுப்பணப் பட்டியலிலும் முதலிடம். அதே ஆண்டு இங்கிலாந்தின் ஃபுல்ஃபோர்டில் பதினேழாம் குழியில் பந்து மரக்கிளையில் சிக்கிக்கொள்ள, அபராத ஷாட் ஏற்காமல் மரத்தில் ஏறி அங்கிருந்தே அடித்தார். ஜெர்மனிக்கு வெளியே முதலில் அவரைப் பிரபலமாக்கியது அந்தப் புகைப்படம்தான், எந்தப் பட்டமும் அல்ல.

எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டாம் தாக்குதல். இந்த முறை பிடியை மாற்றினார், அதுவும் பாதி.

வலது கைக்காரர் உருட்டுமட்டையைப் பிடித்தால் இடது கை மேலே, வலது கை கீழே இருக்கும். கீழ்க்கைதான் மட்டையின் முகத்தை அதிகம் ஆளும். அது வெட்டினால் முகம் திரும்பும். குறுக்குப் பிடியில் இடது கை கீழே வருகிறது. இடது மணிக்கட்டு தட்டையாக, தண்டோடு ஒரே கோடாக நிற்கிறது, தோள்களும் ஏறக்குறைய சமமாகின்றன. வலது கை மேலே போய்விட்டதால் அதன் துள்ளலுக்கு நெம்பும் தூரம் குறைவு. லாங்கர் இந்தப் பிடியைக் குறுந்தூரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார். நெடுந்தூரத்துக்கு பழைய பிடியேதான். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது, ஆனால் கணக்கு சரியானது. முப்பது அடி உருட்டலில் வீச்சே பெரிது, தோளின் வேகத்தில் சிறு துள்ளல் கரைந்துபோகும். அங்கே தேவை தூரத்தை உணரும் கை, அது வலது கை. நாலடியில் வீச்சு ஒரு சாண்தான், துள்ளலும் வீச்சும் ஒரே அளவு. நோய் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் மருந்து போட்டார்.

இந்த இரட்டைப் பிடியோடுதான் 1985 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவுக்குப் போனார். உலகில் வேகமான, சரிவான கிரீன்களுக்குப் பேர்போன மைதானம். யிப்ஸ்காரன் கனவில்கூடப் போகக் கூடாத இடம். நான்கு நாளில் குறைந்த ஷாட் எடுத்தவருக்கே பட்டம். 72, 74 என்று தொடங்கி, கடைசி இரண்டு நாளும் 68, 68. மொத்தம் 282. முன்னிலையில் இருந்த கர்ட்டிஸ் ஸ்ட்ரேஞ்ச் 13, 15 இரண்டு குழிகளிலும் தண்ணீரில் போட்டது உதவியது, மறுப்பதற்கில்லை. ஸ்ட்ரேஞ்ச், செவி பயஸ்டெரோஸ், ரேமண்ட் ஃப்ளாய்ட் மூவரையும் இரண்டு ஷாட்டில் முந்தினார். அடுத்த வாரமே ஹில்டன் ஹெட்டில் இன்னொரு பட்டம். 1986 ஏப்ரலில் உலகத் தரவரிசை முதன்முதலாக வெளியானபோது முதல் பெயர் லாங்கர். மூன்று வாரம் கழித்து செவி அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க லாங்கருக்கு நேர்ந்தது இதுதான்: செவி ஒருவர் பக்கத்தில் நின்றால் மற்றவர் யாரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

1988 வாக்கில் மூன்றாம் முறை. முன்னிரண்டைவிட மோசம். இதற்குக் கிடைத்த தீர்வுதான் அவர் பெயரிலேயே வழங்கும் பிடி. செய்முறை இப்படி: இடது கை மட்டைப்பிடியின் அடிப்பகுதிக்கு, ஏறக்குறைய உலோகத் தண்டு தொடங்கும் இடத்துக்கு இறங்குகிறது. பிடியின் மேல்பாதி இடது முன்கையின் உட்பக்கத்தில் படுகிறது. வலது கை மட்டையைத் தனியாகப் பிடிப்பதில்லை. இடது முன்கையையும் மட்டைப்பிடியையும் சேர்த்து ஒரு கிடுக்கி போலக் கவ்வுகிறது. உடைந்த எலும்புக்குச் சிம்பு வைத்துக் கட்டுவது போலத்தான், இங்கே சிம்பு மட்டை. இடது மணிக்கட்டு அசையவே முடியாது. வலது மணிக்கட்டு துள்ளினாலும் அது துள்ளுவது முன்கைமேல், மட்டைமேல் அல்ல. ஆடுவதற்கு மிச்சம் இருப்பது தோள் மட்டும்.

இதை முயன்று பார்க்கிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது சாய்வு. மட்டை முன்கையோடு ஒட்ட வேண்டுமானால் தண்டு குழியை நோக்கி முன்னால் சாயும். சாதாரண உருட்டுமட்டையின் முகம் மூன்று நான்கு டிகிரி மேல்நோக்கி இருக்கும். தண்டு நாலு டிகிரி முன்னால் சாய்ந்தால் அந்தக் கோணம் காலி. பந்து புல்லுக்குள் அழுந்தி ஒரு குதி குதித்து வழிமாறும். இன்றைக்கு முன்கையோடு ஒட்டிப் பிடிப்பதற்கென்றே விற்கும் மட்டைகளில் ஆறேழு டிகிரி வைப்பது இதற்காக. இரண்டாவது நெடுந்தூரம்: விரல்களுக்கு வேலையே இல்லாததால் நாற்பதடி உருட்டலில் வேகத்தை மட்டுப்படுத்துவது கடினம். மூன்றாவது முதுகு. கை கீழே இறங்கினால் உடம்பும் குனிய வேண்டும். கெட்டுப்போன முதுகோடு தினமும் இரண்டு மணி நேரம் அப்படிக் குனிந்து பயிற்சி செய்வது சின்ன விஷயம் அல்ல.

இந்தப் பிடியோடுதான் 1991 செப்டம்பரில் கியாவா தீவில் ரைடர் கோப்பையின் கடைசிக் கிரீனில் நின்றார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மூன்று நாள் மோதி, கடைசி ஆட்டத்தின் கடைசிக் குழிவரை வந்துவிட்டது. எதிரி ஹேல் இர்வின் போகி (குழிக்கு நிர்ணயித்த ஷாட் எண்ணிக்கையான பாரைவிட ஒன்று கூடுதல்) எடுத்துவிட்டார். லாங்கர் பந்தை உள்ளே போட்டால் ஆட்டம் அவருக்கு, மொத்தக் கணக்கு 14–14, ஏற்கெனவே கோப்பையை வைத்திருந்த ஐரோப்பாவே வைத்துக்கொள்ளும். தூரம் சுமார் ஆறடி. போகவில்லை. 14½–13½, அமெரிக்காவுக்கு.

அந்த உருட்டலை யிப்ஸ் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு, படத்தைப் பார்த்தால் வீச்சில் துள்ளலே இல்லை. பந்துக்கும் குழிக்கும் இடையே, அவர் உருட்ட நினைத்த கோட்டில், முந்தைய ஆட்டக்காரர்களின் காலணி ஆணிகள் கிளப்பிவிட்ட புல் தடங்கள் இருந்தன. அன்றைய விதிப்படி பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யலாம், ஆணித் தடத்தைத் தொடக்கூடாது. சரியான வழி, இடது விளிம்புக்குக் குறிவைத்து வலது பக்கம் வளையவிடுவது. அந்த வழியில் தடங்கள் கிடந்தன. கேடி பீட் கோல்மனோடு பேசி, வளைவைக் குறைத்துக்கொண்டு சற்று நேராக, சற்று அழுத்தி உருட்டுவது என்று முடிவு செய்தார்கள். பந்து வளைந்து வலது விளிம்பை உரசிப் போயிற்று. நல்ல வீச்சு, கட்டாயத்தின் பேரில் தேர்ந்த தவறான கோடு. 2019இல் விதி மாறியது: கிரீனில் காலணி உண்டாக்கிய சேதம் எதையும் தட்டிச் சரிசெய்யலாம். இருபத்தெட்டு வருடம் தாமதம்.

அடுத்த வாரம் ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மன் மாஸ்டர்ஸ். கடைசிக் குழியில் பிளே-ஆஃபுக்கு, அதாவது சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்துக்குப் போக ஏறக்குறைய பதினைந்து அடி உருட்டல் ஒன்று போட வேண்டியிருந்தது. போட்டார். பிளே-ஆஃபில் ரோட்ஜர் டேவிஸை வென்றார். 1993இல் அதே முன்கைப் பிடியோடு அகஸ்டாவில் இரண்டாம் மாஸ்டர்ஸ்: 68, 70, 69, 70, மொத்தம் 277, சிப் பெக்கைவிட நான்கு குறைவு. ஞாயிறன்று 13ஆம் குழியில் 3-அயர்னால் இருபதடிக்குக் கொண்டுவந்து ஈகிள் (பாரைவிட இரண்டு குறைவு) போட்டபோது ஆட்டம் முடிந்துவிட்டது. சில குழிகள் கழித்து பின்தங்கியிருந்த பெக், 15ஆம் குழியில் தண்ணீரைத் தாண்டி அடிக்கத் துணியாமல் முன்னாலேயே நிறுத்திக்கொண்டதை இன்றும் விவாதிக்கிறார்கள்.

பிரிட்டிஷ் ஓப்பன் கைக்கு வரவில்லை. 1981இலும் 1984இலும் இரண்டாம் இடம், 1985, 1986, 1993, 2001இல் மூன்றாம் இடம்.

1980 முதல் 1995 வரை ஒவ்வொரு ஆண்டும் ஐரோப்பியச் சுற்றில் குறைந்தது ஒரு பட்டம். 1996இல் ஒன்றுகூட இல்லை. நான்காம் தாக்குதல். முன்கைப் பிடியும் பழசாகிவிட்டது. இம்முறை அவர் எடுத்தது துடைப்பக் கட்டை என்று கிண்டலாக அழைக்கப்படும் நீள உருட்டுமட்டை. சாதாரண மட்டை 33 முதல் 35 அங்குலம். இது 50 அங்குலத்தை நெருங்கும். தலை எடையும் கூடுதல். இடது கை மேல்நுனியைப் பிடித்து நெஞ்செலும்பில் ஊன்றிக்கொள்ளும், அதுதான் கடிகார ஊசலின் ஆணி. வலது கை நெடுக இறங்கி, பேனா பிடிப்பது போல இரண்டு மூன்று விரலால் தண்டைத் தள்ளும். இரண்டு கைகளும் ஒரே மூட்டாகப் பூட்டப்படாமல் பிரிந்தே இருப்பதால் பழைய அசைவின் சாயலே இல்லை. கனத்த தலை தன் எடையில் ஆடும். நிமிர்ந்து நிற்பதால் முதுகுக்கும் நிம்மதி. 1997இல் நான்கு பட்டங்கள்.

இங்கே ஒரு சின்ன விதி விளக்கம் வேண்டும். ஊசல் என்றால் செங்குத்தாகவே ஆடவிடலாமே, இரண்டு காலுக்கு நடுவில் வைத்துத் தள்ளலாமே என்று தோன்றும். யிப்ஸ் வந்த சாம் ஸ்னீட் அறுபதுகளில் அப்படித்தான் ஆடினார். 1968இல் உருட்டும் கோட்டின் மேல் கால் பரப்பி நிற்பதைத் தடை செய்தார்கள். உருட்டுமட்டையின் தண்டும் செங்குத்திலிருந்து குறைந்தது பத்து டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். ஆக நீள மட்டையும் பந்துக்குப் பக்கவாட்டில் நின்றுதான் ஆட வேண்டும். ஊசல் எப்போதும் கொஞ்சம் சாய்ந்த ஊசல்தான்.

2002இல் வால்டெர்ராமாவில் இருட்டிவிட்டதால் வோல்வோ மாஸ்டர்ஸ் பட்டத்தை காலின் மான்ட்கோமரியோடு பகிர்ந்தது ஐரோப்பியச் சுற்றில் அவருடைய 42ஆவதும் கடைசியுமான வெற்றி. அவருக்கு மேல் இருப்பவர் 50 பட்டங்களோடு செவி மட்டுமே. 2004இல் ரைடர் கோப்பைத் தலைவராக ஓக்லண்ட் ஹில்ஸில் அமெரிக்காவை 18½–9½ என்று உடைத்தார்.

2007இல் ஐம்பது வயது நிறைந்ததும் அமெரிக்க மூத்தோர் சுற்றுக்குப் போனார். போன சில வாரங்களிலேயே முதல் பட்டம். மற்றவர்களுக்குப் பென்ஷன் காலம் போன்ற அந்தச் சுற்றில் அவர் இன்னொரு முழு வாழ்க்கையை ஆடினார்: மூத்தோர் மேஜர்கள் பன்னிரண்டு. 2010இல் கார்னூஸ்டியில் சீனியர் ஓப்பன், அடுத்த வாரமே கடல் தாண்டி அமெரிக்காவில் யு.எஸ். சீனியர் ஓப்பன். 2014 சீனியர் ஓப்பனில் பதின்மூன்று ஷாட் வித்தியாசம். ஐந்து வகை மூத்தோர் மேஜரையும் வென்ற முதல் ஆள்.

இதற்கு நடுவில்தான் மட்டைக்கே ஆபத்து வந்தது. 2011 முதல் 2013 வரை கீகன் பிராட்லி, வெப் சிம்ப்சன், எர்னி எல்ஸ், ஆடம் ஸ்காட் என்று உடம்பில் ஊன்றிய மட்டையோடு மேஜர் வென்றவர்கள் வரிசையாக வந்தார்கள். வயதானவர்கள் வைத்திருந்தவரை கண்டுகொள்ளாத விதியமைப்பாளர்கள், இளைஞர்கள் வென்றதும் விழித்துக்கொண்டார்கள். 2016 ஜனவரி 1 முதல் மட்டையையோ பிடித்த கையையோ உடம்பில் ஊன்றக் கூடாது. நீள மட்டைக்குத் தடை இல்லை, ஊன்றுவதற்குத்தான். ஒரே விலக்கு: மட்டை முன்கையைத் தொடலாம். அதாவது லாங்கரின் 1988 கண்டுபிடிப்பு சட்டப்படி செல்லும், 1996 மருந்து செல்லாது.

எல்லோரும் அவர் முன்கைப் பிடிக்குத் திரும்புவார் என்றே நினைத்தார்கள். விதவிதமான மட்டைகளையும் பிடிகளையும் சோதித்துவிட்டு, அதே நீள மட்டையையே எடுத்தார். மேல்கையை மட்டும் நெஞ்சிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்தார். சொல்ல எளிது. நெஞ்செலும்பு என்ற அசையாத ஆணி போய், காற்றில் நிற்கும் கைதான் ஆணி. அது அரை அங்குலம் நகர்ந்தால் கீழே மட்டையின் முகம் கோணும். மேல்கை உறைந்து நிற்க, கீழ்க்கை மட்டும் அசைய வேண்டும். காற்றடிக்கும் நாளில் நீளத் தண்டு படாத பாடு படும். தடை வந்த மூன்றே மாதத்தில், 2016 மாஸ்டர்ஸில், 58 வயதில், மூன்று நாள் முடிவில் முன்னிலையில் இருந்த ஜோர்டன் ஸ்பீத்துக்கு இரண்டு ஷாட் பின்னால் மூன்றாம் இடத்தில் நின்றார். நாலாம் நாள் 79 அடித்துப் பின்னே போனார்.

அவர் நன்றாக ஆடியதே சந்தேகத்தைக் கிளப்பியது. 2017இல் தொலைக்காட்சிப் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கை சட்டையைத் தொடுகிறது என்றார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் அவர் விதியை மீறவில்லை என்று அறிவித்தது. விதியில் உள்ள சொல் ‘வேண்டுமென்றே’. துணி கையில் உரசுவது ஊன்றல் ஆகாது. என்னைக் கேட்டால் விதி எழுதப்பட்ட விதம்தான் கோளாறு: ஆட்டக்காரரின் உள்ளெண்ணத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் விதியை வைத்துவிட்டு, பார்வையாளர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்று வருத்தப்படக் கூடாது. எழுதப்பட்ட விதிக்குள் அவர் நின்றார்.

அந்த ஆண்டில் மட்டும் மூன்று மூத்தோர் மேஜர்கள். 2020 நவம்பரில் நடந்த மாஸ்டர்ஸில் 63 வயதில் கட் (கடைசி இரண்டு நாள் ஆடுவதற்கான தகுதிக்கோடு) தாண்டினார், அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவரை யாரும் அந்த வயதில் தாண்டியதில்லை. ஞாயிறன்று கூட ஆடியவர் அன்றைய உலகின் நெடுந்தூர அடிகாரர் பிரைசன் டிஷாம்போ. லாங்கர் 71, டிஷாம்போ 73.

2023 பிப்ரவரியில் 45ஆவது மூத்தோர் பட்டம், ஹேல் இர்வினின் சாதனைக்குச் சமம். ஆம், கியாவாவில் எதிரே நின்ற அதே இர்வின். ஜூலை 2ஆம் தேதி விஸ்கான்சினில் யு.எஸ். சீனியர் ஓப்பனை வென்று அதைத் தாண்டினார். கடைசி மூன்று குழியிலும் போகி, ஆனாலும் இரண்டாம் இடத்தில் வந்த ஸ்டீவ் ஸ்ட்ரிக்கரைவிட இரண்டு குறைவு. 2024 பிப்ரவரி 1 அன்று பிக்கிள்பால் (டென்னிஸ் போன்ற ஓர் ஆட்டம்) ஆடும்போது குதிகால் தசைநார் அறுந்தது. மூன்று மாதத்தில் களத்துக்குத் திரும்பினார். நவம்பரில் ஃபீனிக்ஸில், கடைசிக் கிரீனில் முப்பது அடி உருட்டலைப் போட்டு ஒரு ஷாட்டில் வென்றார். 47ஆவது பட்டம், 2007 தொடங்கி ஓராண்டும் விடாமல் ஒரு பட்டமாவது.

குதிகால் காரணமாகத் தள்ளிப்போன கடைசி மாஸ்டர்ஸை 2025 ஏப்ரலில் ஆடினார், நாற்பத்தொன்றாவது முறையாக. முதல் நாள் 74. இரண்டாம் நாள் 15ஆம் குழியில் பந்து தண்ணீரில் விழுந்து இரண்டு ஷாட் போயிற்று. 18ஆம் கிரீனில் பார் எடுத்தால் கட் தாண்டலாம். சுமார் பத்தடி. நீள மட்டை, நெஞ்சிலிருந்து விலகிய இடது கை, மூன்று விரலில் வலது கை. வீச்சில் துள்ளல் இல்லை. பந்து குழியை ஒட்டிக் கடந்து போயிற்று, 73.